எமனுக்கும் நிற்காத வண்டி

“எமனே கை காட்டிக்கிட்டு ஓடி வந்தாலும் என் வண்டி ஒரு நிமிஷம் நிக்காது!”

சுற்றுலாப் பேருந்து நடத்துநர் ஒருவர் வெளியிட்ட இந்தப் பிரகடனத்தை அரசாங்கங்கள் கவனிக்கத் தவறியிருக்கலாம்; பயணிகள் தவறவில்லை. பழைய தலைநகரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் ஒவ்வொரு ஞாயிறும் படியில் நின்று இதைச் சொல்லிவிட்டுத்தான் விசிலை வாயில் வைப்பார். அதனால் எல்லாருக்கும் அவர் விசில்காரர்.

அவருடைய வரலாற்றில் ஒரே ஒரு களங்கம்: மைத்துனர். மனைவியின் தம்பி. சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு வேனில் போனபோது, வழியில் எல்லாருக்கும் டீ வாங்கி வர இறங்கியவர் விசில்காரர்தான். தட்டும் கையுமாகத் திரும்பினால், வேன் தூசி கிளப்பிக்கொண்டு போகிறது. ஜன்னலில் மைத்துனரின் தலை. “விசில் ஊதுங்க மாமா, நிப்பாட்டுறோம்!”

விசில் சட்டைப் பையில். இரண்டு கையிலும் டீத் தட்டு.

வேன் அடுத்த திருப்பத்திலேயே நின்றுவிட்டது. குடும்பத்தின் சிரிப்புதான் இன்னும் நிற்கவில்லை. நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் மைத்துனர் அந்தக் கதையை அரங்கேற்றுவார்.

விசில்காரர் பொறுத்துக்கொண்டார். அரண்மனையின் பாதாளச் சிறையைப் பயணிகளுக்குக் காட்டும்போது மட்டும் அவர் குரல் குழையும். “ராஜா தன் மச்சானை இங்கதான் பூட்டி வெச்சாராம். ராஜாவுக்கு எவ்வளவு வசதி பாருங்க!”

அந்த மைத்துனரே ஒரு ஞாயிறு, தொப்பையைத் தடவிக்கொண்டு வந்து ஏறினார். “அக்கா புருஷன் வண்டி இருக்கும்போது நான் எதுக்கு டிக்கெட் எடுக்கணும்?”

“ஏறு மாப்ள. உன்னைத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அரண்மனை வாசலில், நாலு மணிக்கு வண்டி கிளம்பும் என்று மற்றவர்களிடம் சொன்னார். மைத்துனரைத் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப்போய், “நீ நிதானமா பாரு மாப்ள. அஞ்சுக்குத்தான் கிளம்புறோம்” என்றார். மைத்துனரின் போன் ஓட்டுநர் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. எதிரியை நிராயுதபாணியாக்குவது யுத்த தர்மமா என்று யோசிக்க அன்று நேரமில்லை.

நாலு மணிக்கு மற்ற எல்லாரும் ஏறிவிட்டார்கள். “போலாமாண்ணே?” என்றார் ஓட்டுநர்.

விசில் உதடுவரை போனது. அங்கேதான் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. ஐந்து மணிக்கு வந்து வெறும் மைதானத்தைப் பார்ப்பவனுக்கு அது பழிவாங்கல் என்று எப்படித் தெரியும்? ஏதோ குளறுபடி என்று வேறு வண்டி பிடித்து வீடு போய்ச் சேர்ந்துவிடுவான். அது ஆகாது. அவன் ஓடி வர வேண்டும். வண்டியின் முதுகைப் பார்க்க வேண்டும். படியில் நிற்கும் இந்த முகத்தையும் பார்க்க வேண்டும்.

“கொஞ்சம் இரு. பின் டயர்ல காத்து கம்மியா தெரியுது.”

டயரை உதைத்தார். தட்டினார். குனிந்து காது வைத்தும் கேட்டார். முன் சீட்டு அம்மா தலையை நீட்டினார். “எமன் வந்தாலும் நிக்காதுன்னு காலையில சொன்னீங்களே?”

“எமனுக்கு நிக்காதும்மா. இது டயர்.”

“மச்சான் இன்னும் வரலைன்னு நேரா சொல்லுங்களேன். இதுல என்ன வெக்கம்?”

வண்டியே சிரித்தது. விசில்காரர் டயரை இன்னொரு உதை உதைத்தார்.

ஒருவழியாக நாலரை மணிக்கே மைத்துனர் வாசலில் தலைகாட்டினார். விசில்காரர் தாவிப் படியேறினார். “வண்டிய உருட்டு! மெதுவா!”

வண்டி நகர்வதைப் பார்த்ததும் மைத்துனர் பதறி ஓடிவந்தார். தொப்பை ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம். ஒரு செருப்பு கழன்றது. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார். “மாமா! மாமா!” என்ன இனிமையான குரல்! நில் என்பதற்கு ஒரு விசில், போ என்பதற்கு இரண்டு. இரண்டு ஊதினால் வண்டி பறந்துவிடும். ஆனால் முகம் சரியாகத் தெரியவில்லையே. இன்னும் பத்தடி வரட்டும். வந்தது. மூச்சிரைப்பும் காதில் விழட்டும். விழுந்தது. இன்னும் கொஞ்சம்...

மைத்துனரின் கை கம்பியைப் பிடித்தது. கால் படியைத் தவறவிட்டது. பின் சக்கரம் பக்கத்தில் உருண்டுகொண்டிருந்தது.

விசில்காரர் ஒரு கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, ஒரே ஒரு விசில் ஊதினார். வண்டி நின்றது.

“ஏறு மாப்ள” என்றார், வேறு யார் காதிலும் விழாத குரலில்.