டட்டில் வீட்டுக்கு வந்த கையெழுத்து

அமெரிக்காவில், வெர்மாண்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஓரின் டட்டில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். மூட்டை விற்று மிஞ்சியதையெல்லாம் பழைய கடுதாசிகளில் கொட்டினார். இங்கிலாந்து ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்ட தளபதிகள் கைப்பட எழுதியவை. ரொட்டி இல்லை, செருப்பு இல்லை, பனி விடவில்லை என்ற புலம்பல்தான் பெரும்பாலும். அவருக்கு அவைதான் உயிர்; ஒரு பெட்டியில் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார். ஞாயிறு சர்ச்சுக்குப் போகாவிட்டாலும் ஏலத்துக்குப் போய்விடுவார்.

"செத்தவன் கையெழுத்துக்குக் குடுக்கிற காசுல ஒரு பசு வாங்கலாம்," என்று மனைவி வெர்னா இடிப்பாள்.

"பசு செத்துப்போகும், வெர்னா. இது சாகாது."

போலியை யார் கொண்டுவந்தாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். தயவுதாட்சண்யமே கிடையாது.

ஒரே மகன் டுவைட் வியட்நாம் போரில் செத்தான். அடக்கம் முடிந்த பிறகு அவனுடைய படைத் தளபதியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வெர்னா அதை ஏப்ரன் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். அது வந்த பிறகுதான் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கியது. ஒரு காலை அதை ஓரினின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டைப் அடிச்சதுதான், சரி. ஆனா கீழ அவரே பேர் போட்டிருக்காரு பாரேன். நம்ம பையன் பேரைப் படிச்சுட்டுத்தானே போட்டிருப்பாரு?"

ஓரின் வழக்கம்போலக் காகிதத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தார். கோடு முழுக்க ஒரே தடிமன். எங்கும் அழுத்தமில்லை, தயக்கமில்லை.

"இது அவர் கை இல்லை. கையெழுத்துப் போடுறதுக்குன்னே இருக்கிற மெஷின் போட்டது," என்றார்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. பாவி மனுஷன், இனி நாக்கைக் கடித்து என்ன பயன்? வெர்னா கடிதத்தை மடித்தாள். "முட்டை ஆறுது, சாப்பிடு," என்றாள். அன்றிலிருந்து அவள் தட்டில் போட்டது போட்டபடி கிடந்தது.

ஓரின் யாரிடமும் கெஞ்சாதவர். அவளுக்குத் தெரியாமல் தளபதிக்கு எழுதினார். 'ஐயா, என் மனைவிக்கு ஒரே ஒரு வரி, உங்கள் கைப்பட. டுவைட் என்று பேரை மட்டும் எழுதினாலும் போதும்.' அதோடு நிறுத்தியிருக்கலாம். தளபதிகளின் கடிதங்களைச் சேர்ப்பவன், கையெழுத்தின் அருமை தெரிந்தவன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பனி உருகும் சமயத்தில் பெரிய உறை ஒன்று வந்தது. வெர்னாதான் வாங்கிப் பிரித்தாள். உள்ளே தளபதியின் பளபளக்கும் புகைப்படம். குறுக்கே அதே கையெழுத்து. கூடவே ஒரு சீட்டு: 'தங்கள் சேகரிப்புக்கு எங்கள் அன்பளிப்பு.'

அவள் அதைக் கடைக்கே கொண்டுவந்து நீட்டினாள்.

"உனக்குத்தான் வந்திருக்கு, ஓரின். உன் பெட்டியில வச்சுக்கோ."