நைனாவின் வலது கன்னம்

எங்கள் நைனாவின் முகத்துக்கு இரண்டு வயது. இடப்பக்கம் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை. வலப்பக்கம் பார்த்தால் அந்த மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. வலது கன்னம் மட்டும் கறுத்துத் தடித்து, கண்ணோரத்திலிருந்து தாடைவரை கோடு கோடாக மடிந்திருக்கும்.

பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்கு பஸ் ஓட்டினார். காலையில் போகும்போது டிரைவர் ஜன்னலில் வெயில். சாயங்காலம் திரும்பும்போதும் அதே ஜன்னலில்தான். அந்த ரோடு போகிற திசை அப்படி. அம்மா ஒருமுறை பழைய புடவையில் திரை தைத்துக் கொடுத்தாள். பின்னால் வருகிற வண்டி தெரியவில்லை என்று நைனா அன்றைக்கே கழற்றிவிட்டார்.

இன்றைக்கு ஒரு தோல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் எனக்குக் காரணம் தெரியும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரில் ஒரு பங்கு கண்ணாடியையும் தாண்டித் தோலுக்குள் இறங்குகிறது. தோலைத் தாங்கும் நார்களை நைத்துவிடுகிறது. அவற்றைப் புதுப்பிக்கிற செல்கள் அடிபட்டு அடிபட்டு, காலத்துக்கு முன்பே கிழடாகிவிடுகின்றன.

எட்டு வயதில் இதெல்லாம் தெரியாது. பஸ் டிரைவர்களுக்கு மட்டும் கிடைக்கிற மரியாதை அது என்று நம்பினேன், வகுப்பிலும் சொல்லிவைத்தேன். தன் நைனாவுக்கு ஏன் அப்படி இல்லை என்று ஆட்டோக்காரர் மகள் கேட்டாள். பெரிய வண்டிக்குத்தான் தருவார்கள் என்றேன். அவள் அழுதுவிட்டாள்.

அந்த வருஷம், விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காக நைனாவுக்கு அவார்டு அறிவித்தார்கள். டிப்போ சுவரில் படம் மாட்டுவார்களாம். லீவு நாளில் மூன்று பேரும் திருப்பதிக்குப் போய் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்தோம். ஸ்டுடியோக்காரர் கேட்காமலே கம்ப்யூட்டரில் இடது கன்னத்தை எடுத்து வலப்பக்கம் ஒட்டிவிட்டார். கோடு ஒன்றுகூட இல்லை.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். "கல்யாணத்தப்போ இப்படித்தான் இருந்தாரு" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

எனக்கோ யாரோ நைனாவைத் திருடிவிட்ட மாதிரி இருந்தது. இது எங்க நைனா இல்லை என்று ஸ்டுடியோவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். நைனா என்னைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையருகே போய், ஸ்டுடியோக்காரரிடம் தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் பக்கந்தாம்பா வெயில் துன்னுகினு வண்டி ஓட்டிச்சு. அத்த எடுத்துட்டா அவார்டு யாருக்கு?"

ஸ்டுடியோக்காரர் சிரித்துக்கொண்டே பழைய கன்னத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். அந்தப் படம்தான் டிப்போ சுவரில் ஏறியது. இன்றும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்க்காமல் வரமாட்டேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினோம். வழக்கமாக ஜன்னலோரம் எனக்குத்தான். அன்றைக்கு அம்மா முந்திக்கொண்டு வெயில் விழுகிற ஜன்னலோரம் உட்கார்ந்து, நைனாவைத் தன் இடப்பக்கம் இழுத்து உட்காரவைத்தாள். நான் அழுது பார்த்தேன், அவள் தொடையைக் கிள்ளியும் பார்த்தேன். அவள் நகரவில்லை. புத்தூர் தாண்டும்வரை முந்தானையை ஜன்னலில் விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். நைனா அதன் நிழலில் வாய் திறந்து தூங்கினார்.

கேட்பதையெல்லாம் கொடுக்கிற அம்மாவுக்கு அன்றைக்கு மட்டும் ஜன்னல்மேல் ஏன் அவ்வளவு ஆசை என்று எனக்குப் புரியவே இல்லை.