எல்லாத் தப்பும் பச்சை

"ஏலே கணேசா, இந்த போர்டுக்குப் படம் நீயும் போடு, இவியளும் போடட்டும். யாரு போட்டது நல்லாருக்கோ அதுதான் போர்டு அச்சடிக்கிற ஃபிலிமுக்குப் போவும். இனிமே கம்ப்யூட்டரும் செயிச்சவியளுக்குத்தான்" என்றார் முதலாளி, சண்முகவடிவைக் காட்டி.

தீப்பெட்டி ஆபீஸில் குச்சி காயவைக்கும் அறையின் ஹீட்டருக்கான கன்ட்ரோல் போர்டு அது. கோவில்பட்டியில் போர்டு செய்யும் எங்கள் பட்டறையில் இருந்ததே ஒரு கம்ப்யூட்டர். கறுப்பு டேப்பைக் கையால் ஒட்டி போர்டு வரைந்த காலத்திலிருந்து நான் அங்கே இருக்கிறேன். சண்முகவடிவு பாலிடெக்னிக் முடித்து, இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பெண். புதிதாகச் சேர்ந்தவள். முதலாளி வாயில் அவள் மரியாதையாக 'இவிய', நான் 'ஏலே'. எனக்கு வயிறு எரிந்தது.

வேலை பழக வந்திருக்கும் பிள்ளைகளே, போர்டு வரையும் அந்த சாஃப்ட்வேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரண்ட் ஓடும் செம்புக் கோடுகளான டிராக் இரண்டு நெருங்கிவிட்டால் அந்த இடத்தைப் பச்சையாக அடைத்துக் காட்டும். பாகத்தின் பக்கத்தில் அச்சிடும் பெயரெழுத்து ஆபத்தில்லாமல் லேசாக உரசினாலும் அதே பச்சைதான். மழைக்குப் பிறகு கரிசலில் பயிரும் களையும் ஒன்றாக முளைத்த மாதிரி இருக்கும். அதனால் நான் தப்புக் காட்டும் அந்தச் செக்கை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்வேன். கடைசியில் போட்டுப் பார்த்து, "எல்லாம் எழுத்துதான்" என்று விட்டுவிடுவேன்.

கம்ப்யூட்டரில் காலையில் அவள், மதியம் நான் என்று ஏற்பாடு. ஒரு மதியம் என் போர்டைத் திறந்தால் பச்சையையே காணோம். எங்கும் மங்கலான சாம்பல், ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு.

"என் ஃபைல்ல யாரு கை வச்சது?"

"ஃபைலத் தொடல அண்ணாச்சி. கலரத்தான் மாத்துனேன். எழுத்து ஒரசுனா சாம்பல், டிராக்குக்கு நடுவுல கேப் பத்தலன்னா செவப்பு. செட்டிங் மெஷினு முழுசுக்கும் உள்ளதுல்லா, ஒங்க போர்டுக்கும் வந்துட்டு."

"பழகுன கண்ணுக்கு ஒன் கலரு தேவையில்ல தாயி."

"பழகுன கண்ணுக்கு அந்தச் செவப்பு என்னன்னு தெரியுதா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். குனிந்து பார்த்தேன். ஹீட்டரை ஆன் பண்ணும் ரிலேக்குக் கீழே, வீட்டு கரண்ட் வரும் மெயின்ஸ் டிராக்கும் சின்ன வோல்ட்டேஜ் டிராக்கும் ஒட்டிக் கிடந்தன. தூசி விழுந்தால் அங்கே பொறி பறக்கும். அந்த போர்டு போகிற இடமோ மருந்துக் குச்சி நிறைந்த அறை.

டிராக்கை நகர்த்தினேன். சிவப்பு போய்விட்டது. இனி என் போர்டையும் தைரியமாகக் கொடுக்கலாம். அவள் போர்டைத் திறந்து குறை தேடினேன். மெயின்ஸை ஆரம்பத்திலேயே தனியாக ஒதுக்கியிருந்தாள். குறை கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

முதலாளி வந்தார். "என்னலே, எதை அனுப்ப?"

"அவிய போட்டதையே அனுப்புங்க."

"நீயா சொல்லுத?"

"என் போர்டுல ஒரு தப்பு கெடந்துச்சு. அவிய போட்ட கலர்லதான் எனக்கே தெரிஞ்சுது."

கம்ப்யூட்டர் நாற்காலி அவளுக்குப் போனது. நான் டெஸ்டிங் மேஜைக்குப் போனேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அவள் மௌஸ் சத்தம் கேட்டாலே எனக்கு ஆகாது.

பின்னால் அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் என்னிடம் திரும்பி வந்தது. உட்கார்ந்ததும் பழைய பச்சையைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று கை அரித்தது. செட்டிங்கைத் திறந்தும் விட்டேன். பிறகு எதையும் மாற்றாமல் அப்படியே மூடிவிட்டேன்.

ஒருவர் மேல் வயிறு எரியத்தான் செய்யும். அவர் காட்டிய சிவப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.