சித்தி கேட்காத பட்டறை

என் சித்திக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் உளவுத்துறை. கடைக்காரர் சிரித்த முகத்தோடு சில்லறை கொடுத்தால் அதை இரண்டு முறை எண்ணுவாள்.

பழைய மரச்சாமான்களை வாங்கி, இழைத்து, வார்னிஷ் அடித்து விற்பது அவள் தொழில். வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட பட்டறை. காலை முழுக்க உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் அங்கிருந்து வரும். யாராவது வீட்டைக் காலி செய்கிறார்கள் என்றால் சரக்கெடுக்கப் போவாள். மனதுக்குப் பிடித்த அலமாரியை ஏறெடுத்தும் பார்க்காமல், வேண்டாத கட்டிலுக்கு மூச்சுப்பிடிக்கப் பேரம் பேசுவாள். கிளம்பும்போது போனால் போகிறது என்பதுபோல அலமாரியைக் கேட்பாள். பாதி விலைக்குக் கிடைத்துவிடும்.

சித்தப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். திரும்பும் முன்பே சொல்லிவிட்டுத் திரும்புகிற மனிதர். பிரிந்துவிடலாம் என்பதையும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அப்படித்தான் சொன்னார். இவ்வளவு நிதானமாகச் சொல்கிறார் என்றால் ஏற்கெனவே எல்லாம் செய்து முடித்துவிட்டார் என்று சித்தி அம்மாவிடம் புலம்பினாள்.

வழக்காடாமல் பேசி முடிக்கலாம் என்று சித்தி பார்த்த வக்கீலம்மா சொன்னார். ஆளுக்கொரு வக்கீல், நால்வருக்கும் ஒரே மேசை. சொத்தையும் வருமானத்தையும் மறைக்காமல் காட்ட வேண்டும். யாராவது வழக்குப் போட்டால் இரண்டு வக்கீல்களுமே விலகிவிட வேண்டும். புது ஆட்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பேசி முடித்ததை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் விவாகரத்து. வக்கீல்கள் விலக வேண்டும் என்ற நிபந்தனையில்தான் சித்திக்கு மூக்கு வியர்த்தது. விலகினால் வேலை போகும், அதனால் எதையாவது நம் தலையில் கட்டி முடிக்கப் பார்ப்பார்கள் என்றாள். இரு வக்கீல்களும் காபி இயந்திரத்தருகே சிரித்துப் பேசுவதைப் பார்த்து, "கூட்டுக் களவாணிங்க" என்று என் காதில் சொன்னாள். துணைக்கு ஒருவர் வரலாம் என்றதால் என்னை அழைத்துப் போயிருந்தாள். நான் அதிகம் பேசமாட்டேன் என்பதே எனக்கிருந்த தகுதி.

முதல் சந்திப்பில் அவரவருக்கு முக்கியமானதைச் சொல்லச் சொன்னார்கள். சித்தி காரைக் கேட்டாள். காருக்காக வாதாடினாள். பட்டறையைப் பற்றி வக்கீலம்மாவே கேட்டபோது, "அது கெடக்குது, தகரக் கொட்டகை" என்றாள். என்னைக்கூட அவள் பார்க்கவில்லை.

அடுத்த சந்திப்பில் சித்தப்பா காரை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். வீட்டைத் தான் வைத்துக்கொண்டு அவள் பங்கைப் பணமாகத் தருவதாகவும், கொட்டகையைப் பிரித்துவிட்டுப் பயிற்சி வண்டிகளை அங்கே நிறுத்தப்போவதாகவும் சொன்னார். சித்தியின் முகத்தில் ஈயாடவில்லை. இடைவேளை கேட்டு வெளியே வந்தாள்.

தன் மனதைப் படித்துவிட்டுத்தான் அவர் பழிவாங்குகிறார், வக்கீலம்மாவும் உடந்தை, வழக்கே போட்டுவிடலாம் என்று நடைபாதையில் கொதித்தாள். பின்னாலேயே வந்த வக்கீலம்மா கோபப்படவில்லை.

"தாராளமாப் போடலாம். அங்கயும் உங்களுக்கு என்ன வேணும்னுதான் முதல்ல கேப்பாங்க. எங்கிட்டயே நீங்க இன்னும் சொல்லலையேம்மா."

சித்தி உள்ளே போய், உட்காராமலே சொன்னாள்.

"எனக்குக் கார் வேண்டாம். பட்டறைதான் வேணும். அது இல்லாட்டி எனக்குப் பொழப்பு இல்ல."

சித்தப்பா உண்மையிலேயே திகைத்துப்போனார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா?"

அவருடைய வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தப்பா கையமர்த்திவிட்டு யோசித்தார்.

"தெரியல," என்றார்.

சித்தி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

பின்பக்கத்து மனையும் பட்டறையும் அவளுக்கு, பக்கத்துச் சந்திலிருந்து தனி வாசல், நடுவே ஒரு சுவர் என்று அன்றே பேசி முடிந்தது. திரும்பும் வழியில் ஏன் சட்டென்று ஒப்புக்கொண்டாய் என்று கேட்டேன்.

"தெரியலன்னு உண்மையைச் சொன்னார். குடுத்திருப்பேன்னு மட்டும் சொல்லியிருந்தார்னா நான் எழுந்து வந்திருப்பேன்டி," என்றாள். பிறகு, சுவர் கட்டும் ஆளைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், அவர் சொல்கிற கொத்தனார் வேண்டாம் என்றும் சொன்னாள்.