துக்க வீட்டின் கதவைத் திறந்த அக்கா

அக்கா போய் ஓராண்டு ஓடிவிட்டது. அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், "பெரிசா அளக்காதடா" என்று அவர் அதட்டுவதுதான் காதில் விழுகிறது. அளக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடியில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, கணக்கர் வேலைக்குப் போய்த் தம்பிகள் எங்களைப் படிக்க வைத்தார். திருமணத்துக்குப் பின் உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் வாசம், ஒரே மகள். எதற்கும் அசராத அக்காவை அத்தானின் மறைவு அடியோடு சாய்த்தது.

உறவுகள் நாங்கள் அன்பினாலேயே இன்னும் கெடுத்தோம். ஒரு வருடம் கோயில் கூடாது, விசேஷம் கூடாது என்றோம், சமையலைக்கூட அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டோம். அவரோ திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தே கிடந்தார். ஒருநாள், "எனக்கு இருக்கவே பிடிக்கலடா" என்றார். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

மனச்சோர்வு என்றார் மருத்துவர். மாத்திரையோடு, தினமும் ஒரே நேரத்தில் எழவும், காலை வெயிலில் நடக்கவும், நேரத்துக்குச் சாப்பிடவும், யாரிடமாவது பேசவும் சொன்னார். முதல் நாள் மின்தூக்கி வரைதான் போக முடிந்தது. எதிர்வீட்டு மலாய் அம்மா கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போனார். பிறகு இருவரும் தினமும் புளோக்கைச் சுற்றினார்கள். சமையலறையையும் அக்கா எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். சில நாள் எழவே முடியாது. அடுத்த நாள் மறுபடி எழுவார். அந்தப் பிடிவாதம் இருக்கிறதே, அப்பப்பா!

"வருஷம் திரும்பறதுக்குள்ள என்னம்மா ஊர் சுத்தறே? பாக்கறவங்க என்ன சொல்வாங்க?" என்று பெரியப்பா ஒருமுறை கேட்டேவிட்டார்.

"துக்கம் எங்கேயும் போயிடல பெரியப்பா. என்கூடத்தான் நடக்குது லா" என்றார் அக்கா.

சில ஆண்டுகள் நன்றாக இருந்தார். பிறகு புற்றுநோய் வந்தது. கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் எம்பொண்ண வெளிய அனுப்பிடுங்கடா. என்னைப் பூட்டி வச்ச மாதிரி அவள வைக்காதீங்க. சத்தியம் பண்ணு" என்றார். செய்தேன்.

மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், சடங்குகளில் தோள் கொடுத்த உற்றார் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பதினாறு முடிந்த மறுநாள் காலையே கதவைத் தட்டி, "வா, நடக்கலாம்" என்று அக்கா மகளை அழைத்துப் போன எதிர்வீட்டு அம்மாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்ல? அன்று அவள் அழுதுகொண்டேதான் நடந்தாள். இன்று அம்மாவின் திதிக்குத் தானே எழுந்து, குளித்து, சமைத்து வைத்திருக்கிறாள்.

அக்கா, உங்கள் பெண் எழுந்துவிட்டாள்.