பாட்டுக்கு அடியில் இருந்த நாடகம்

குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜராக இருப்பவனுக்கு ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுள் போய்விடும். "தண்ணி விழுதா அண்ணாச்சி?" மதுரையிலிருந்து கேட்பார்கள், விருதுநகரிலிருந்து கேட்பார்கள். விழுகிறது என்றால் "நல்லா விழுதா?" என்பார்கள். காலையில் கேட்டவரே மத்தியானமும் கூப்பிடுவார். முப்பது வருஷத்துக்கு மேல் இதற்குப் பதில் சொன்னவன் நான். சாயங்காலம் பஸ் பிடித்துத் தென்காசிக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது வீட்டில் யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும், வள்ளென்று விழுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

போன வருஷம் என் மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இனி உயிருக்குப் பயமில்லை என்ற டாக்டர், இனி பேச்சு வராது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகுங்கள், கொஞ்ச நாளில் வந்துவிடும் என்றார். எனக்கு வரவில்லை. அவள் தண்ணீர் கேட்பாள், நான் விசிறியை எடுத்து நீட்டுவேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்ப்பாள். "எழுதித்தான் காட்டேன்ட்டி" என்று சிடுசிடுப்பேன். ஒருநாள் உதட்டை அசைப்பதையே நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு சிலேட்டு வாங்கினோம். ஆளைக் கூப்பிடுவதற்கு, லாட்ஜ் கவுண்டரில் சும்மா கிடந்த மேஜை மணியைக் கொண்டுவந்து கொடுத்தேன். தலையில் ஒரு தட்டு தட்டினால் டிங் என்னும். அங்கே கஸ்டமர் தட்டுவார்கள், இங்கே இவள். "எங்க போனாலும் எனக்கு டூட்டிதான்" என்று சொல்லி நானே சிரித்துக்கொள்வேன். அவள் சிரித்ததில்லை.

ஐப்பசியில் ஒருநாள் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். "எப்பா, அம்மா பேசினது எதுலயாவது இருக்கா? நான் போன் மாத்துனப்ப எல்லாம் போயிட்டுப்பா. ஒண்ணுகூட இல்ல." அழுகிறாள் என்று தெரிந்தது. இல்லாமலா போகும் என்று அவளுடைய கல்யாண வீடியோவை எடுத்துப் போட்டேன். முழுக்க நாதஸ்வரம். மண்டப வாசலில் நின்று அவள் அம்மா எல்லாரையும் வாய் நிறைய வாங்க வாங்க என்கிறாள், கேட்பதென்னவோ மேளம்தான். இத்தனை வருஷம் கூட இருந்தவளின் குரல் வீட்டில் ஒரு மூலையிலும் இல்லை. அப்போதுதான் எனக்கு ரேடியோ ஞாபகம் வந்தது.

என் மனைவி கீழப்பாவூர்க்காரி. கல்லூரியில் படித்த காலத்தில் திருநெல்வேலிக்குப் போய் ரேடியோ நாடகங்களில் பேசியிருக்கிறாள். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய அப்பா அதைப் பெருமையாகச் சொன்னார். "சரி, அதெல்லாம் இனி எதுக்கு" என்றார் என் அப்பா. நான் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. அவள் பேசிய நாடகத்தில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

சீசன் கூட்டம் போய், சபரிமலைக்கு மாலை போட்ட சாமிமார் வருவதற்கு முன்னால் உள்ள அந்த ஒரு மாதம், லாட்ஜில் ஈ ஓட்டும் காலம். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. கவுண்டரில் உட்கார்ந்து போனில் தேட ஆரம்பித்தேன். முதலில் வந்ததெல்லாம் பழைய ரேடியோப் பெட்டியின் படத்தைப் போட்டு "ஞாபகம் இருக்கா?" என்று கேட்கிற வீடியோக்கள். ஞாபகம் இல்லாமலா தேடுகிறேன் என்று எரிச்சல்தான் வந்தது. இன்னும் தோண்டியதும் வேறு ஓர் உலகம் திறந்தது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன யார் யாரோ ஊர் ஏக்கத்தில் தொடங்கி, பிறகு மறந்தே போன வலைப்பூக்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. ஓரத்தில் ஒரு குத்துவிளக்குப் படம், பார்க்க ஆளில்லாவிட்டாலும் அதன் சுடர் ஆடிக்கொண்டே இருக்கிறது. வீட்டு கேசட்டுகளில் பிடித்து வைத்ததையெல்லாம் ஏற்றியிருந்தார்கள். நெற்பயிருக்கு மருந்தடிக்கச் சொல்லும் ஒரு குரல், கடலுக்குப் போகவேண்டாம் என்று மீனவர்களை எச்சரிக்கும் இன்னொரு குரல், பாட்டுக் கேட்டு எழுதியவர்களின் பெயர்களை ஊர்வாரியாக மூச்சு விடாமல் வாசிக்கும் ஓர் அம்மாள். கேட்கக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பத்து இணைப்பை அமுக்கினால் ஒன்றில்தான் உயிர் இருந்தது. மற்றதெல்லாம் பக்கம் இல்லை, பக்கம் இல்லை என்றே வந்தது. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் ரூம் இல்லை என்று நான் ஆள் முகத்தைப் பார்க்காமல் சொல்வேனே, அந்த மாதிரி. இரண்டு வாரத்தில் அலுத்துப்போய்விட்டது.

விட்டுவிடலாம் என்று நினைத்த அன்றுதான் ரேடியோ நாடகங்களின் பட்டியல் ஒன்று கிடைத்தது. நாடகங்களுக்கான இணைப்பு எதுவும் திறக்கவில்லை. கீழே பின்னூட்டங்கள் இருந்தன. பதினோரு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதியிருந்தார்கள்:

"வணக்கம். இந்தப் பட்டியலில் ஏழாவது நாடகத்தில் தங்கையாகப் பேசியது நான்தான். என்னிடம் இருந்த கேசட்டில் மேலே பாட்டுப் பதிந்துவிட்டார்கள். பாட்டு முடிந்த பிறகு கடைசியில் இரண்டு நிமிடம் மட்டும் நாடகம் மிச்சம் இருக்கிறது. முழுவதும் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து போடவும். என் வீட்டுக்காரரை ஒரு தடவை கேட்கவைக்க வேண்டும் என்று ஆசை. தென்காசியிலிருந்து ஒரு நேயர்."

எழுதியது என் மனைவிதான். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நான் வேலைக்குப் போன பிறகு இவள் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள் போலிருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

பாட்டுப் பதிந்தது யார் என்று அவள் எழுதவில்லை. பதிந்தவன் நான். கல்யாணமான மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, சீசனுக்கு லாட்ஜ் வரவேற்பில் பாட்டுப் போட ஆசைப்பட்டேன். தென்காசிக் கோயில் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதி, ஒரு கேசட்டையும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். புதுசு வாங்கச் சோம்பல்பட்டு இவள் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். "நாடகம்" என்று பென்சிலில் எழுதியிருந்தது. ரேடியோவில் வாராவாரம் வரும் ஏதோ ஒன்று என்று நினைத்தேன். அழிந்துவிடக்கூடாது என்று கேசட்டின் மேல்விளிம்பில் பிளாஸ்டிக்கை உடைத்து வைப்பார்களே, அப்படி உடைத்துத்தான் வைத்திருந்தாள். அந்த ஓட்டையின் மேல் லாட்ஜ் சாவியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் காலத்தில் அது பெரிய சாமர்த்தியம்.

அவளுடைய பின்னூட்டத்துக்கு நாலு மாதம் கழித்து வலைப்பூக்காரர் பதில் போட்டிருந்தார். "அம்மா, இத்தனை நாள் யார் குரல் என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தேன். முழுசாக இருக்கிறது. இதோ." கீழே ஓர் இணைப்பு. அமுக்கினேன். பக்கம் இல்லை. அதற்குள் மகள் கல்லூரி விடுதிக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோயிருக்க வேண்டும். இவள் பதிலைப் பார்த்ததாகவே தெரியவில்லை. நான் அவருக்கு ஒரு மெயில் எழுதினேன். இதுவரை பதில் இல்லை.

அன்று வீட்டுக்குப் போய், "அந்த நாடகக் கேசட் எங்கட்டி இருக்கு?" என்று கேட்டேன். அவள் எழுந்துபோய் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்து வந்து கையில் கொடுத்தாள். மேல்விளிம்பில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. லாட்ஜ் பெயரும், அறை எண் 14-ம். பார்க்கும்போதெல்லாம் இதையும் சேர்த்துத்தானே பார்த்திருப்பாள்.

போட்டுக் கேட்க வீட்டில் எதுவும் இல்லை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களில் எனக்குப் பழக்கமான ஒருவர் இன்னும் பழைய டேப் ரெக்கார்டர் வைத்திருக்கிறார். எண்ணெய்ப் பிசுக்கோடு எடுத்துக் கொடுத்தார். "கேசட்டா? இன்னுமா வச்சிருக்கிய அண்ணாச்சி! நம்ம ஊரு ஈரத்துல பூஞ்சை புடிச்சிருக்கும். வேகமா ஓட்டிராதிய, சிக்கிரும். முதல்ல இருந்து அது போக்குல ஓட விடுங்க."

அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் ஆசைப்பட்டு எழுதிக்கொடுத்த ஒரு பக்கப் பாட்டையும் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. மகளுக்காகப் போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு பாட்டும் முடியும்போது இதுதான் கடைசி என்று நினைப்பேன், அடுத்தது தொடங்கிவிடும். ஒன்றைக்கூடச் சகிக்க முடியவில்லை. அவள் எதிர் நாற்காலியில் மடியில் சிலேட்டோடு இருந்தாள்.

"நான்தான்ட்டி அழிச்சேன்" என்றேன்.

"தெரியும்" என்று எழுதிக் காட்டினாள். பிறகு அதைத் துடைத்துவிட்டாள்.

கடைசிப் பாட்டு முடிந்தது. கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் திடீரென்று ஒரு பெண்பிள்ளை பேசினாள். "மழை வருது, குடை எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. நான் சொன்னா எதைத்தான் கேட்டிருக்கீங்க?" பத்தொன்பது, இருபது வயசுக் குரல். ஆனால் அவளுடையதேதான். சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்ட அதே குரல், நான் வள்ளென்று விழுந்து அடக்கிய குரல். நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓர் எழுத்து பிசகாமல் கூடவே சொன்னாள். அந்த இரண்டு நிமிடமும் என் மனைவி என் முன்னால் உட்கார்ந்து பேசினாள்.

"நான் மட்டும் இந்த வீட்டுல..." என்ற இடத்தில் டேப் தீர்ந்து, பொத்தான் டப்பென்று எழும்பியது. நாடகம் அங்கே முடியவில்லை போலிருக்கிறது, அந்தக் காலத்தில் பிடிக்கும்போதே டேப் போதாமல் போயிருக்கும். அவள் நிறுத்தவில்லை. கண் ஜன்னல் பக்கம் இருக்க, சத்தமே இல்லாமல் மீதி வசனத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். நான் முதல் தடவையாக அந்த உதட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். "அம்மா" என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது.

அவள் முடித்ததும், "இன்னொருக்கா சொல்லுட்டி. மெதுவா" என்றேன்.

அவள் பல்பத்தை எடுத்தாள்.

"அது வேண்டாம்" என்றேன்.

சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.