சாயம் போடாத இலை

எங்கள் ஆராய்ச்சிக் கைடுக்குப் பச்சையாக ஏதாவது மின்னினால் போதும், தலைகால் புரியாது. சேலத்து ஆய்வகத்தில் அவரிடம் ஒரு சாயம் இருந்தது. இலைக்குள் பூஞ்சை இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு, நுண்ணோக்கியின் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். அதை வைத்துக் காப்பிச் செடியின் துரு நோயை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவாராம். அடேயப்பா!

மலைமேல் கரடியூரில் ஒரு விவசாயியின் தோட்டத்தில் இலை பறித்து வந்தோம். சாயம் போட்டுப் பார்த்தால் இலை முழுக்கப் பச்சை. "பாத்தியா!" என்று துள்ளினார். சாயமே போடாத இலை ஒன்றையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது முதல் வருடப் பிள்ளைகளுக்கும் தெரியும். காப்பி இலை தானாகவே ஒளிரக்கூடியது என்று எனக்கும் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். வாயில் கொழுக்கட்டை.

மறுநாளே மலையேறித் தீர்ப்புச் சொன்னார். விவசாயி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடியில துருவே இல்லீங்களே சார்?"

"கண்ணுக்குத் தெரியறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும். ஒண்ணு விடாம வெட்டி எரிச்சிடுங்க."

காய் பிடித்து நின்ற செடிகள் அவை. மனுஷனுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. அவர் பின்னால் பேசாமல் நின்ற என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

கைடு வெளியூர் போன நாளில், என் ஊரான நாகலூரிலிருந்து, நோயே இல்லாத எங்கள் வீட்டுச் செடியின் இலையை எடுத்துப்போய்ச் சாயமில்லாமல் வைத்துப் பார்த்தேன். அதே பச்சை. விவசாயியின் இலையில் மிச்சமிருந்ததையும் சாயமில்லாமல் பார்த்தேன். அதே பச்சைதான். மண்ணாங்கட்டி ஆராய்ச்சி!

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் கரடியூர் போய் இறங்கினால், பாதித் தோட்டம் வெட்டிக் கிடக்கிறது.

"நிறுத்துங்க! செடிக்கு நோயின்னு சொல்ல ஒண்ணுமே இல்லீங்க. சாயம் போடாட்டியும் காப்பி இலை அப்படித்தான் மின்னுமுங்க. சார் அதைப் பாக்கவே இல்லீங்க."

விவசாயி கத்தியைக் கீழே வைத்தார். வெட்டிப்போட்ட கிளை ஒன்றை எடுத்துக் காய்களைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா கண்ணு?"

"சந்தேகம் நொம்ப இருந்துச்சுங்க."

"பொறவு ஏன் சாமி பேசாம நின்னே?"

பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. "அவரு கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குப் பட்டம் கிடைக்குமுங்க," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பஸ்ஸு வந்துரும். போ," என்றார்.